அத்தைமார் வரும் ஞாயிறு

“அநாதைப் பொண்ணுங்கிறீங்க. அப்புறம் இது யாரைப் பாத்துச் சிரிக்குது?”

இசைவாணி கேட்டதும் கலியமூர்த்தி சுவரொட்டியின் மேல் குனிந்தார். மின்விசிறிக் காற்றில் படபடத்த சுவரொட்டியின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருவில், பாத்திரக்கடை மாடியில் இருந்தது இசைவாணியின் துப்பறியும் அலுவலகம். பொய் வாக்குமூலம் ஒன்றில் கையெழுத்துப் போட மறுத்து, போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவள். பெரும்பாலும் கல்யாண விசாரணைகள்தான் வரும். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு முன்பே காதல் உண்டா என்று கேட்டு வருகிறவர்கள் நடுவில், லண்டனில் அச்சடித்த சுவரொட்டியோடு ஒருவர் படியேறி வந்தது அன்றைக்குத்தான்.

சுவரொட்டியில், சீருடை போட்ட ஒரு சிறுமி. இரட்டைச் சடை. பின்னால் ஒரு விடுதியின் வாசற்கதவு. கீழே ஆங்கிலத்தில், ‘இவளுக்கு யாருமில்லை. நீங்கள் இருக்கிறீர்கள்’ என்று எழுதியிருந்தது.

“கேமராவைப் பாத்துத்தான் சிரிக்குது மேடம்” என்றார் கலியமூர்த்தி.

“கேமராவைப் பாத்தா நம்மளையே பாக்குற மாதிரி இருக்கும் சார்” என்றான் சார்லஸ், இசைவாணியின் உதவியாளன். “இது என் தோளுக்குப் பின்னால யாரையோ பாக்குது. நானும் ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டேன். பல்லிதான் இருக்கு.”

கலியமூர்த்தி சிரிக்கவில்லை. சிதம்பரத்தில் ‘கடல்மகள் இல்லம்’ நடத்துகிறவர் அவர். சுனாமியில் தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்த பெண்பிள்ளைகளுக்கான இல்லம். இங்கிலாந்து அரசாங்கம் இந்தியாவுக்குக் கொடுக்கிற உதவிப் பணத்தில் ஒரு துளி அங்கே வந்து, பிள்ளைகளுக்குச் சோறாகவும் படிப்பாகவும் மாறிக்கொண்டிருந்தது. இப்போது, 2012இல், இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஒரே கூச்சல். செவ்வாய் கிரகத்துக்கு ராக்கெட் விடப்போகிற நாட்டுக்கு நம் வரிப்பணம் எதற்கு என்று கேட்கிறார்கள். கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று நேரில் பார்க்க ஒரு குழு வருகிறது.

“திங்கக்கிழமை வர்றாங்க. இந்தப் படத்துல இருக்குற பொண்ணைத்தான் பாக்கணும்ங்கிறாங்க. வினோதினின்னு பேரு. இது ஏழு வருஷத்துக்கு முந்தின படம். இப்ப நர்சிங் ரெண்டாம் வருஷம். எங்க இல்லத்துலயே தங்கிப் படிக்குது. போன வாரம் கெளம்பிப் போனது, இன்னும் வரல. போனும் எடுக்கல.”

“போலீஸுக்குப் போகலியா?”

“போனா பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா லண்டனுக்குப் போகும். அப்புறம் என் பொண்ணுங்க கதி?” அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது.

“சொந்தக்காரங்க யாரு?”

“யாரும் கெடயாது மேடம். தேவனாம்பட்டினத்துக் குடும்பம். மொத்தமா கடலோட போயிடுச்சு.”

அவர் படியிறங்கிப் போனபின் இசைவாணி சுவரொட்டியின் அடியோரத்தைச் சார்லஸிடம் காட்டினாள். சிறுமியின் காலடித் தரையில் இரண்டு நிழல்கள் நீண்டிருந்தன. ஒன்று, முழங்கைகளை விரித்து நிற்கும் படமெடுத்தவரின் நிழல். அதை ஒட்டி இன்னொன்று. முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் நிழல்.

“பொண்ணு சிரிக்கிறது இந்த நிழலைப் பாத்துத்தான்” என்றாள். “இது யாருன்னு தெரிஞ்சா, அது எங்க போயிருக்குன்னும் தெரியும்.”

“நிழலைத் தேடிப் போறதுக்குப் பெட்ரோல் போடணுமா மேடம்?”

“போடு.”

மறுநாள் ஞாயிறு. சிதம்பரம் இல்லத்தின் வாசலில் அவர்களுடைய பழைய ஆம்னி வேன் போய் நின்றபோது, பார்வையாளர் வரிசை தெருமுனை வரை இருந்தது. எல்லாரும் பெண்கள். ஒருத்தி கையில் தூக்குவாளி, ஒருத்தி கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம், இன்னொருத்தி இடுப்பில் கைக்குழந்தை. காவலாளி ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.

“என்ன உறவு?”

“அத்தை.”

“நீ?”

“அத்தை.”

சார்லஸ் வேனின் கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தான். “ஊர்ல இருக்குற அத்தைங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க மேடம். எனக்கு ஒரு அத்தை பொண்ணு கெடைக்கலன்னு எங்கம்மா மாதா கோயில்ல அழுவுது.”

இசைவாணி சிரித்துவிட்டாள். பின்னால், அந்தச் சிரிப்பை நினைத்து அவள் வெகுநாள் வெட்கப்பட்டாள்.

வினோதினியின் அறைத்தோழி ரேகா முதலில் வாய் திறக்கவில்லை. கலியமூர்த்தி அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்ததும் இன்னும் இறுகிப்போனாள். இசைவாணி சுவரொட்டியை விரித்துச் சிறுமியின் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

“வகிடு பிடரி வரைக்கும் நூல் புடிச்ச மாதிரி இருக்கு. தனக்குத்தானே இப்படிப் பின்னிக்க முடியாதும்மா. யாரு பின்னுனது?”

ரேகாவின் கண் கலங்கியது. “அவ அத்தை. இப்பவும் வந்தாங்கன்னா அந்தப் படியில உக்காந்து இவளுக்குத் தலை பின்னி விடுவாங்க. காலேஜ் போற பொண்ணுக்கு! நாங்க கேலி பண்ணுவோம்.”

“சொந்தம் யாருமே இல்லன்னு சார் சொன்னாரே?”

ரேகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அத்தைக்கு உடம்பு முடியலன்னு போன் வந்துச்சு. அழுதுக்கிட்டே ஓடுனா.”

“எந்த ஊரு?”

“அது மட்டும் சொல்லவே மாட்டா.”

“அவுங்களப் பத்தி எதுனா ஞாபகம் இருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லு.”

“அவுங்க எழுந்து போனா படி முழுக்க உமி கொட்டிக் கெடக்கும். புடவை மடிப்புல எப்பவும் இருக்கும். அப்புறம், காது கொஞ்சம் மந்தம். எங்க மில்லு சங்கும் சக்கரை ஆலைச் சங்கும் ஒண்ணா ஊதி ஊதிக் காது போச்சுடின்னு சொல்லுவாங்க.”

“ரைஸ்மில்” என்றான் சார்லஸ். “பக்கத்துல சக்கரை ஆலை. அப்ப நெல்லிக்குப்பம்!”

இசைவாணி ரேகாவையே பார்த்தாள். “ஏதாவது ஒரு மாசம் வராம இருந்திருக்காங்களா?”

“ஒரே ஒரு தடவை. வெள்ளாத்துல தண்ணி ஜாஸ்தியாப் போச்சு, பஸ்ஸு வரலன்னு போன் பண்ணாங்க.”

“வேனைத் திருப்பு சார்லசு. வெள்ளாறும் சக்கரை ஆலையும் சேர்ந்து இருக்குறது சேத்தியாத்தோப்புல.”

மூன்றாவதாக விசாரித்த ரைஸ்மில்லில் விடை கிடைத்தது. அவித்த நெல்லின் வாடை தெருவுக்கே வந்து வரவேற்றது. களத்தில் பெண்கள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடந்தார்கள். மேஸ்திரி சபாபதி தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார்.

“வினோதினியா? அது நம்ம அஞ்சலையோட அண்ணன் பொண்ணு. உள்ள லைன்வூட்டுலதான் கெடக்கு. எதுவும் சாப்புடல.”

“அத்தைக்கு எப்படி இருக்கு?”

சபாபதி நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதா? வியாழக்கிழமை போயிட்டாளேம்மா.”

சார்லஸ் கையில் சுழற்றிக்கொண்டிருந்த வேன் சாவியைப் பைக்குள் போட்டான்.

“ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டாந்து எறக்குனோம்” என்றார் சபாபதி. “இந்தப் பொண்ணு அதுவரைக்கும் கல்லு மாதிரி நின்னுச்சு. பொணத்தைக் கீழ வெச்சதும் ‘அம்மா’ன்னு ஒரு கத்து கத்துச்சு பாருங்க. களத்துல வேலை செஞ்சுக்கிட்டிருந்தவங்க அத்தனை பேரும் ஓடியாந்துட்டாங்க. அத்தைய அம்மான்னு சொல்லி அழுவுதேன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல. ஆனா அழுத அழுகையில பொய் இல்லம்மா.”

மில் ஆட்கள் குடியிருக்கும் லைன்வீடு ஒற்றை அறை. வினோதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நூல்புடவை சுருண்டு கிடந்தது. உமி இன்னும் உதறப்படாமல் அதில் ஒட்டியிருந்தது. இசைவாணி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். புடவையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அம்மாதானே?”

அந்தக் கேள்வியை இத்தனை வருஷமும் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவள் போல, வினோதினி தலையை ஆட்டினாள்.

“மாரியம்மாள். அதான் எங்கம்மா பேரு. அஞ்சலை இல்ல.”

அவள் சொல்லச் சொல்ல நிழல் உருவமாயிற்று. அலை வந்த அன்று அப்பாவும் தம்பியும் போனார்கள். அம்மாவை அலை எங்கேயோ கொண்டுபோய் ஒதுக்கியது. இடுப்பெலும்பு முறிந்து, சுய நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊரில் அவளையும் செத்தவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். எழுந்து நடக்க முடிந்தபோது, விசாரித்துக்கொண்டு சிதம்பரம் வந்தாள். மகளோ அதற்குள் அநாதையாகி, இல்லத்தில் சேர்ந்து, புதுச் சீருடை போட்டிருந்தாள்.

“சார்தான் கேட்டுல அவுங்களப் பாத்தாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். ‘தாய் தகப்பன் ரெண்டு பேரும் இல்லாதவங்களுக்குத்தான் இந்த இல்லம். நீ உயிரோட இருக்கேன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போ. படிக்கணும்னா நீ அத்தையாவே இருந்துடு’ன்னாரு. எங்கம்மா அழவே இல்லக்கா. என்னை உக்கார வெச்சுத் தலை பின்னி விட்டுச்சு. பின்னிக்கிட்டே காதுல சொல்லுச்சு. ‘இனிமே என்னை அம்மான்னு கூப்புடாதடி. தூக்கத்துல கூட கூப்புடாத.’ அன்னிக்குத்தான் அந்தப் படம் எடுத்தாங்க.”

சார்லஸ் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான்.

“தேவனாம்பட்டினம் பக்கமே அது திரும்பிப் போகல. யாராவது பாத்துட்டா என் படிப்பு போயிடும்னு பயம். கடலைப் பாக்காம இருக்க முடியாது அதுக்கு. இங்க வந்து நெல்லு காய வெச்சுது.”

“உடம்புக்கு என்ன?”

“நெஞ்சுல வால்வு சுருங்கிப்போச்சு. ஆபரேஷன் பண்ணுனா பொழச்சுக்கும்னு டாக்டரு சொன்னாரு. அரசாங்க இன்சூரன்ஸ் கார்டு இருந்தா செலவு கெடயாதாம். அதுக்கு ரேஷன் கார்டு வேணும். ரேஷன் கார்டுக்கு…” அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து உடைந்தது. “ரேஷன் கார்டுக்கு உயிரோட இருக்கணும்ல? நான் தாலுக்கா ஆபீசுக்குப் போய் உண்மையச் சொல்லிடுறேன்னு கெளம்புனேன். கையப் புடிச்சுக்கிச்சு. ‘கோர்ஸ முடிச்சுடு, அப்புறம் பாத்துக்கலாம்’னுச்சு. நான் நர்ஸுக்குப் படிக்கிறவ. அது கைநாடி எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நின்னுட்டேன்.”

இசைவாணி எழுந்தாள். களத்துக்கு வந்து கலியமூர்த்தியைப் போனில் கூப்பிட்டாள். பெண் கிடைத்ததையும், அவள் அம்மா வியாழக்கிழமை இறந்ததையும் சொன்னாள்.  அவர் மெல்லக் கேட்டார்.

“அப்ப… இப்ப அவளுக்கு நெஜமாவே யாரும் இல்லதானே மேடம்? நாளைக்குக் கூட்டிட்டு வந்துடலாமா?”

இசைவாணி களத்து மண்ணைப் பார்த்தபடி நின்றாள். 

“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்கிட்ட வந்தீங்க.”

“அவ அம்மா எங்க இருந்தான்னு தெரியாது. சத்தியமா தெரியாது. எப்பவும் சொல்ல மாட்டா.” அவர் குரல் உடைந்தது. “அநாதைங்களுக்குத்தான் உதவின்னா நான் என்னா பண்றது? புருசனையும் பாதிப் புள்ளைங்களையும் பறிகொடுத்துட்டு, உசுரு பொழச்சு வந்து கேட்டுல நின்னாங்க. திருப்பி அனுப்பியிருக்கணுமா? ஒரு பைசா தொட்டதில்ல மேடம். பொய் சொன்னேன். பொய் மட்டும்தான் சொன்னேன்.”

அவள் போனை அணைத்தாள். பின்னால் வினோதினி வந்து நின்றிருந்தாள். போனில் பேசியது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“நீ வர வேணாம்மா” என்றாள் இசைவாணி. “உன்னைக் கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடுறேன். நாளன்னைக்கு வேணும்னா நீ சொல்றபடி எல்லாத்தையும் பேப்பருக்கே கொடுக்கிறேன்.”

“இன்னிக்கு ஞாயித்துக்கெழம. எங்க இல்லத்து வாசலைப் பாத்தீங்களாக்கா?”

“பாத்தேன். ஒரே அத்தை…”

சொல்லி முடிக்கும் முன் இசைவாணியின் நாக்கு நின்றுவிட்டது. தூக்குவாளி. கடலைமிட்டாய்ப் பொட்டலம். இடுப்பில் கைக்குழந்தை. காவலாளியின் கேள்வி, வரிசை முழுக்க ஒரே பதில்.

“எல்லாருமா?”

“பாதிப் பேருக்கு மேல. ராத்திரி லைட்டை அணைச்சதும் சின்னப் புள்ளைங்க போர்வைக்குள்ள வாயை வெச்சு ‘அம்மா’ன்னு சொல்லிப் பாக்கும். மறந்துடக் கூடாதில்ல? நான் போய் உண்மையச் சொன்னா, நாளைக்கே எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்க. நான் வரேன்க்கா. அம்மா இல்லன்னு சொல்லணும், அவ்வளவுதானே? இப்ப அது பொய் இல்லியே.”

திங்கட்கிழமை காலை இல்லத்தின் கூடம் நிறைந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தார்கள். கூட வந்த டெல்லி அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. கலியமூர்த்தி மொழிபெயர்க்க எழுந்தார். “இந்த அக்கா சொல்லட்டும்” என்றாள் வினோதினி. அவர் வாடிய முகத்தோடு உட்கார்ந்துகொண்டார்.

பின்சுவரை ஒட்டி அத்தைமார்கள் நின்றார்கள். விருந்தாளிகளுக்குச் சோறு சமைக்க வரச் சொல்லியிருந்தார்களாம்.

வினோதினி ஒரே வாக்கியம் சொல்வதாகத்தான் பேச்சு. “எனக்கு அம்மா இல்ல” என்று ஆரம்பித்தாள். இசைவாணி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். வினோதினி உட்காரவில்லை.

“எங்கம்மா பேரு மாரியம்மாள். ரைஸ்மில்லுல நெல்லு காய வெச்சு, மாசாமாசம் பஸ் ஏறி வந்து எனக்குத் தலை பின்னி விட்டுச்சு. நான் ஒரு நாளும் அதை அம்மான்னு கூப்புடல. போன வியாழக்கிழமை செத்துப்போச்சு. செத்தப்புறம்தான் கூப்புட்டேன். அதுக்குக் காது கேக்கல.”

கூடத்தில் ஒரு சின்னப் பெண் விசும்பினாள். பின்சுவரில் நின்றவர்கள் அசையவில்லை. முன்வரிசையில் இருந்த நரைமுடிப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இசைவாணியைப் பார்த்தார். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

 ஒரு பொய்க் கையெழுத்துப் போட மறுத்து உத்தியோகத்தையே விட்டவள் இசைவாணி. பின்சுவரைப் பார்த்தாள். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற பெண், தலையை லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்பதுபோல் அசைத்தாள்.

“அம்மாவை நினைத்தால் இன்னும் தாங்க முடியவில்லை என்கிறாள்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள் இசைவாணி.

“பாவம். சுனாமியில்தானே இறந்தார்?”

“ஆமாம்.”

வினோதினி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வியும் பதிலும் புரிகிற அளவுக்கு அவளுக்கு ஆங்கிலம் தெரியும். கைகூப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பொய் எதையும் காப்பாற்றவில்லை. அடுத்த மாதமே, இந்தியாவுக்கு உதவியைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக லண்டனில் அறிவித்துவிட்டார்கள். ராக்கெட் விடுகிற நாட்டுக்கு உதவி எதற்கு என்று கேட்டவர்களின் பக்கம்தான் ஜெயித்தது. சார்லஸ் அந்தச் செய்தியை உரக்கப் படித்துவிட்டு, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அன்று முழுக்க ஒரு வேடிக்கையும் பேசாமல் இருந்தான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மாலை அதெல்லாம் யாருக்கும் தெரியாது. கூட்டம் முடிந்ததும் வினோதினி ஓர் உதவி கேட்டாள். சபாபதி கொடுத்தனுப்பிய மண்கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். சார்லஸ் வேனைக் கடலூர்ப் பக்கம் திருப்பினான்.

தேவனாம்பட்டினத்தில் படகுகள் கரையேறியிருந்தன. வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் வயதான ஒருத்தி நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“யாரு, மாரியம்மா மவளா? ஏ வினோதினி! எவ்ளோ வளந்துட்ட! கையில என்னாடி?”

“எங்கம்மாவோட சாம்பலு, ஆயா.”

அந்தப் பெண்ணின் கை வலையிலேயே நின்றது. “உங்கம்மா அலையிலயே போயிட்டாளேடி?”

“இல்ல ஆயா” என்றாள் வினோதினி. இசைவாணியைப் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னாள். “போன வியாழக்கிழமைதான் போச்சு. அதுவரைக்கும் எங்கம்மா உசுரோட இருந்துச்சு.”

வலைக்கருகில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.  வினோதினிக்கு முன்னால் நடந்து, படகுகளுக்கு நடுவே வழிவிட்டு, அவளை நீர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள்.